'டைமர்' படத்தின் முடிவு: ஊனா யாரோடு சேர்ந்திருக்க வேண்டும்?

பின்வரிசை

2009-இல் வந்த 'டைமர்' படத்தைப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கதையைக் கடைசி வரை சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜாக் ஷேஃபர் எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. காதல் நகைச்சுவைதான், ஆனால் நடுவில் ஒரு கருவி இருக்கிறது. அதை மணிக்கட்டில் பதித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கென்று இருக்கும் அந்த ஒருவரைச் சந்திக்க இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று அது குறைத்துக்கொண்டே வரும். அந்த நாள் வந்து இருவரும் கண்ணோடு கண் பார்த்தால் இரண்டு கருவிகளும் ஒலிக்கும். அதற்குப் பிறகு சந்தேகமே வேண்டாம் என்பது விற்பவர்களின் வாக்கு. ஒரே ஒரு நிபந்தனை: அந்த இன்னொருவரும் கருவி பொருத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்.

ஊனாவின் கையில் அந்தக் கோடுகள்தான். பல்வரிசை சீர்செய்யும் மருத்துவர், முப்பது வயது ஆகப்போகிறது. தான் பழகும் ஆணைக் கருவிக் கடைக்கு அழைத்துப்போய்ப் பொருத்திக்கொள்ளச் சொல்கிறாள். எண் சேரவில்லை என்றால் உறவு அங்கேயே முடிந்தது. எம்மா கால்ஃபீல்ட் நடித்திருக்கிறார். அந்தப் பதற்றத்தைச் சிரிப்பு மூட்டுவதற்காக அவர் பெரிதுபடுத்தவே இல்லை, அதனால்தான் சிரிப்பும் வருகிறது, கூடவே வலிக்கவும் செய்கிறது.

அப்புறம் மைக்கி வருகிறான். சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறவன், ஊனாவை விட நன்றாகவே இளையவன். அவன் கருவியில் இன்னும் சில மாதங்கள் ஓட வேண்டியிருக்கிறது. ஆக, இவன் எனக்கானவன் இல்லை என்று ஊனாவுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் பழகுகிறாள். அவனோடு இருக்கும்போது மட்டும் தன் மணிக்கட்டைப் பார்க்க மறந்துவிடுகிறாள். அவன் கருவி போலி என்று பின்னால் தெரியவரும் இடத்தில் நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். சரி, இனி இவர்களைப் பிரிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

பார்த்தால், ஊனாவின் பிறந்தநாள் விழாவில் கருவி ஒலிக்கிறது. எதிரே நிற்பவன் டான். அம்மாவின் மறுமணத்தால் அவளுக்குச் சகோதரியான ஸ்டெஃப் பழகிக்கொண்டிருந்த அதே டான். மைக்கியோடு இருந்தது முடிந்துபோகிறது. கடைசியில் ஊனாவும் டானும் ஓட்டப் பயிற்சித் தடத்தில் பேச ஆரம்பிக்கிறார்கள், படம் நின்றுவிடுகிறது.

இது எனக்கு ஏற்கவே முடியவில்லை. படத்தின் முக்கால் பங்கு மைக்கியை நேசிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கால் பங்கில் டானை ஏற்றுக்கொள் என்றால் எப்படி? கருவி தோற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊனாவுக்கு ஒரு முடிவெடுக்கும் இடமாவது வேண்டாமா? இயக்குநர் தெரிந்துதான் இப்படி முடித்தாரா, இல்லை கருவியை மீற அவருக்கே தைரியம் வரவில்லையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்

நானும் மைக்கி பக்கம்தான். காதல் நகைச்சுவைப் படம் என்றாலே பார்ப்பவருக்கு ஒரு வாக்குறுதி உண்டு. இருவருக்கும் நடுவில் ஒரு தடை வரும், அது குடும்பமாக இருக்கலாம், பணமாக இருக்கலாம், ஒரு பொய்யாக இருக்கலாம். கடைசியில் அது விலகும். இங்கே தடையாக நிற்பது ஒரு உண்மை. கருவி சரியாகத்தான் சொல்கிறது என்று படம் முழுக்க நம்ப வைத்திருக்கிறார்கள். உண்மையை எப்படி விலக்குவது? அந்த இடத்தில் வகைமையே உடைந்துபோகிறது. உடைத்தது துணிச்சல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பார்வையாளருக்குக் கொடுத்த வாக்கை மீறியதாகவே படுகிறது.

போலிக் கருவி விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் எண் இல்லாமல் வாழத் துணிந்த ஒருவனை உருவாக்கிவிட்டு அவனையே தோற்க விடுவது என்ன நியாயம்?

எண்ணும் எழுத்தும்

பின்வரிசை, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி. நான் வேலை செய்வது பரிந்துரை நிரல்களில்: ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணித்து முன்னால் வைப்பது. அதனால் இந்தப் படத்தை வேறு ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

முதலில் கருவி எதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். யார் என்று அது சொல்வதே இல்லை. எப்போது என்று மட்டும் சொல்கிறது. இதே மாதிரியான மற்ற கதைகளில் பெரும்பாலும் ஒரு ஆய்வகம் இருக்கும், இரத்தத்தையோ மரபணுவையோ பார்த்து ஒரு பெயரைக் கொடுக்கும். ஷேஃபர் பெயரை விட்டுவிட்டு நேரத்தை எடுத்துக்கொண்டார். பெயர் கையில் கிடைத்தால் தேடிப் போகலாம், வேண்டாம் என்று ஓடலாம். நேரம் மட்டும் கிடைத்தால் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது.

காத்திருப்பு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு மூன்று பேரை வைத்திருக்கிறார். ஊனாவுக்கு எண்ணே இல்லை. ஸ்டெஃபுக்கு எண் இருக்கிறது, ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகுதான். தம்பி ஜெஸ்ஸிக்குப் பதினாலு வயதுதான், கருவி பொருத்திய உடனேயே இன்னும் சில நாள்தான் என்று காட்டிவிடுகிறது. ஒருவருக்கு எண்ணே இல்லை, ஒருவருக்கு ரொம்பத் தள்ளி, ஒருவருக்கு ரொம்பப் பக்கம். ஊனா வருகிறவர்களையெல்லாம் பரிசோதிக்கிறாள். ஸ்டெஃப் வருகிறவர்கள் யாரையும் பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை, எண் வரும் வரை எதுவும் கணக்கில் சேராது என்று முடிவு கட்டிவிட்டாள். ஜெஸ்ஸிக்கோ ஒருத்தியை விரும்பி, அது நடக்காமல் போய், அதிலிருந்து எழுந்து வரும் அனுபவமே கிடைக்கப்போவதில்லை. கருவி சரியா தவறா என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே அது மூவர் வாழ்க்கையையும் வளைத்துவிட்டது. இதுதான் படத்தின் உண்மையான பொருள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது டான். நீங்கள் விழாக் காட்சியைச் சொன்னீர்கள். ஆனால் ஊனா டானைச் சந்திப்பது அந்த விழாவில் முதன்முறையாக இல்லை. ஸ்டெஃப் மூலமாக அவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகம் உண்டு, பேசியிருக்கிறார்கள். அப்போது டானிடம் கருவி இல்லை. ஒன்றும் ஒலிக்கவில்லை, ஊனாவுக்கு ஒன்றும் தோன்றவும் இல்லை. அவளுக்கென்றே பிறந்தவன் எதிரில் இருந்து பேசிக்கொண்டிருக்கும்போது அவள் மைக்கியை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அந்தக் கடிகாரம் எதை நோக்கி ஓடியது? சந்திப்பை நோக்கி நிச்சயமாக இல்லை, சந்திப்பு நடந்து முடிந்துவிட்டது. 'இவர்தான்' என்று இருவருக்கும் அறிவிக்கப்படும் நொடியை நோக்கித்தான் அது ஓடியிருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகுதான் ஊனா டானைப் பார்க்கவே தொடங்குகிறாள்.

இது சினிமாக் கற்பனை மட்டும் இல்லை. காதல் துணை தேடுவதற்கான ஓகேகியூபிட் என்ற இணையதளம் 2014-இல் தன் பயனாளர்கள் மீது நடத்திய ஒரு சோதனையைத் தானே வெளியே சொன்னது. தங்கள் கணக்குப்படி 30 சதவீதமே பொருத்தம் உள்ள ஜோடிகளிடம் 90 சதவீதம் என்று காட்டினார்கள். அவர்கள் அதை நம்பிப் பேசினார்கள், 30 என்று உண்மையைக் காட்டியிருந்தால் பேசியிருக்கக்கூடியதை விட அதிகமாகவே பேசினார்கள். கணிப்பு அது கணித்த விஷயத்துக்குள்ளேயே கை வைத்துவிட்டது. உண்மையிலேயே 90 ஆக இருந்து, காட்டியதும் 90 ஆகவே இருந்த ஜோடிகள் இவர்களை விடவும் கொஞ்சம் நன்றாகப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயனாளரிடம் சொல்லாமல் இப்படிச் செய்தது பெரிய சர்ச்சை ஆனது, ஆக வேண்டியதுதான். என் துறையில் இருப்பவர்கள் அந்தச் சம்பவத்தை மறக்கவே கூடாது.

அடுத்தது, மைக்கி. 2017-இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், ஈலை ஃபிங்கல் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே இடத்தில் பலரைச் சில நிமிடங்கள் வீதம் பார்த்துப் பேசும் விரைவுச் சந்திப்பு நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களிடம், ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்பே, குணம், விருப்பம், எதிர்பார்ப்பு என்று நூற்றுக்கும் மேற்பட்ட விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தகவலை இயந்திரக் கற்றல் முறைக்குக் கொடுத்தார்கள். யார் பொதுவாக எல்லோரிடமும் எளிதில் ஈர்ப்புக் கொள்கிறார், யார் பொதுவாகப் பலரை ஈர்க்கிறார் என்பதை அது ஓரளவு சொன்னது. இந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு இந்தக் குறிப்பிட்ட ஆளைத் தனியாகப் பிடிக்குமா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. அந்த மிச்சத்தைத்தான் படம் மைக்கி என்று பெயர் வைத்து ஊனாவிடம் அனுப்புகிறது. காகிதத்தில் எதுவும் பொருந்தாது. வயது பொருந்தாது, வேலை பொருந்தாது, எண் பொருந்தாது. ஆனாலும் அவர்கள் சேர்ந்து இருக்கும் காட்சிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

இதே ஜோயல் தலைமையில் 2020-இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. 43 தரவுத் தொகுப்புகள், 11,196 ஜோடிகள். உறவில் மனநிறைவு எதனால் வருகிறது என்று தேடினார்கள். தனி ஆளின் குணநலன்களை விட, அந்த உறவு எப்படி நடக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லியது: துணை இதில் உறுதியாக இருக்கிறாரா, என்னை மதிக்கிறாரா, நமக்குள் சண்டை எப்படி இருக்கிறது. இதையெல்லாம் சந்திப்பதற்கு முன்னால் அளக்க முடியாது, ஏனென்றால் அது அப்போது இல்லவே இல்லை. இருவரும் சேர்ந்து உண்டாக்கிய பிறகுதான் இருக்கும்.

அதனால்தான் கடைசிக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. ஷேஃபர் ஊனாவுக்கும் டானுக்கும் முத்தம் கொடுக்கவில்லை, கல்யாணம் செய்து வைக்கவில்லை. பேச வைத்து நிறுத்திவிட்டார். கருவி அவர்களைக் கொண்டுவந்து விட்டது, அதன் வேலை அங்கே முடிந்தது. அதற்கு மேல் அது வாயைத் திறக்காது. இயக்குநருக்குத் தைரியம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் படத்தின் மேல் எனக்கும் ஒரு பெரிய வருத்தம் உண்டு, அது ஸ்டெஃப். ஊனாவா மைக்கியா டானா என்று நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தன் கருவியைக் கழற்றி எறிந்தவள் அவள். எண் இருந்தும், அது சரியாக இருக்கும் என்று நம்பியும், எனக்கு வேண்டாம் என்று சொன்னவள். பின்வரிசை, நீங்கள் ஊனாவிடம் தேடிய அந்த முடிவெடுக்கும் இடம் படத்தில் இருக்கிறது, ஸ்டெஃபிடம் இருக்கிறது. டான்மேல் அவளுக்கு வந்தது எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்த விருப்பம். அதை அவளிடமிருந்து எடுத்துச் சகோதரியிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஈடாக ஒரு நல்ல காட்சிகூடக் கொடுக்காமல் படம் நகர்ந்துவிடுகிறது. மைக்கிக்கு நடந்ததை விட இது பெரிய அநியாயம். மிஷெல் போர்த் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு உயிர்ப்போடு செய்திருப்பதால் இன்னும் உறுத்துகிறது.

பின்வரிசை

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஸ்டெஃப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கழற்றியவளுக்குத் தண்டனை, காத்திருந்தவளுக்குப் பரிசு என்று ஆகிவிடுகிறதே என்பது இப்போது இன்னும் கோபமாக வருகிறது.

ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஊனாவுக்கும் மைக்கிக்கும் நடுவில் கருவி இல்லாமலே ஒரு பிரச்சினை இருந்தது. அவள் நிலைபெற்ற மருத்துவர், அவன் இன்னும் என்ன செய்வது என்று தெரியாத பையன். அவளுக்கு உறுதி வேண்டும், அவனுக்கு அந்த நிமிடம் போதும். போலிக் கருவியைக் கட்டிக்கொண்டு திரிந்ததே ஒரு தப்பித்தல்தான் என்று எனக்குப் படுகிறது. இது எந்த ஊரிலும் எந்த இருவருக்கும் நடக்கக்கூடிய சிக்கல். அதைப் பற்றி அவர்கள் உட்கார்ந்து பேசியிருந்தால், பேசிப் பிரிந்திருந்தால்கூட, நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். அந்த உரையாடல் வர வேண்டிய இடத்தில் கருவி ஒலித்துவிடுகிறது. எழுத்தாளர் எழுத வேண்டிய மிகக் கடினமான காட்சியை இயந்திரம் வந்து தவிர்த்துக் கொடுத்துவிட்டது. என் குறை இதுதான், இப்போதுதான் எனக்கே தெளிவாகச் சொல்ல வருகிறது.

சாய்வு நாற்காலி

தாமதமாக வருகிறேன். கணினி வைத்து ஜோடி சேர்ப்பது எவ்வளவு பழைய ஆசை என்று ஒரு வார்த்தை.

1959-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜிம் ஹார்வி, ஃபில் ஃபியாலர் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு வகுப்புப் பணிக்காக ஐபிஎம் 650 கணினியில் இதைச் செய்தார்கள். 49 ஆண்கள், 49 பெண்கள். கேள்வித்தாளுக்கு அவர்கள் கொடுத்த பதில்களில் வித்தியாசம் குறைவாக இருப்பவர்களைச் சேர்த்துவிட்டார்கள். 1965-இல் ஹார்வர்டு மாணவர்கள் 'ஆபரேஷன் மேட்ச்' என்று அதைத் தொழிலாகவே தொடங்கினார்கள். மூன்று டாலர் கட்டிக் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினால், பொருத்தமானவர்களின் பட்டியல் தபாலில் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு எல்லை உண்டு. படிவம் நிரப்பியவர்களுக்குள்தான் தேட முடியும். அந்த 98 பேருக்கு வெளியே இருந்த ஒருவர் எவ்வளவு பொருத்தமானவராக இருந்தாலும் கணினிக்கு அவர் இல்லை. ஊனாவின் கையில் இருந்த கோடுகள் அதேதான். வித்தியாசம் என்னவென்றால், படத்தின் கருவி நேர்மையானது. பட்டியலில் ஆள் இல்லை என்றால் இல்லை என்று காட்டிவிடுகிறது, கையிலிருக்கும் அடுத்த ஆளை உனக்கானவர் என்று தலையில் கட்டுவதில்லை. கட்டணம் வாங்கும் தளங்கள் பெரும்பாலும் அப்படி வெறுமையைக் காட்டத் துணிவதில்லை.

என் மனைவியும் நானும் இப்படி ஒரு தளத்தின் வழியாகத்தான் சந்தித்தோம். அது காட்டிய பொருத்தம் சுமார்தான். அவர் என் சுயகுறிப்பில் இருந்த ஒரு தகவல் பிழையைத் திருத்துவதற்காக எனக்கு எழுதினார், நான் அதற்குப் பதில் எழுதினேன், மூன்றாவது கடிதத்திலேயே வாதம் வேறு எங்கோ போய்விட்டது. எந்தக் கேள்வித்தாளிலும் அவர் திருத்துவார், எனக்கு அது பிடிக்கும் என்று கேட்க இடமில்லை. எண்ணும் எழுத்தும் சொன்ன 'மிச்சம்' இதுதான் என்றால் நான் அதற்குச் சாட்சி. அதே நேரம், தளம் எங்களை ஒரே பட்டியலில் வைக்காமல் இருந்திருந்தால் அந்தத் திருத்தமும் வந்திருக்காது. அதனால் டானை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இயந்திரம் அறிமுகப்படுத்திய ஒருவரோடு தொடங்கும் பேச்சு இரண்டாந்தரமானது என்று யார் சொன்னது?

பின்வரிசை சொன்ன அந்த எழுதப்படாத காட்சி நிஜமான குறைதான். ஆனால் ஷேஃபருக்கு அப்படிப்பட்ட காட்சி எழுத வராது என்று மட்டும் எண்ண வேண்டாம். 2021-இல் வந்த 'வாண்டாவிஷன்' தொடரை உருவாக்கியவர் அவர்தான். இல்லாத ஒரு கணவனை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் பெண்ணின் கதை. இருவரும் விடைபெறும் காட்சியில் யாரும் எதையும் தவிர்க்கவில்லை, முழுக்கப் பேசிவிட்டுப் பிரிகிறார்கள். எம்மா கால்ஃபீல்டும் அதில் ஒரு சிறிய வேடத்தில் வருகிறார்.

நிலாமுற்றம்

அந்த விடைபெறும் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன், 'டைமர்' எடுத்தவர் என்று கோர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. ஆனாலும் ஒருவர் பன்னிரண்டு வருடம் கழித்து நன்றாக எழுதியது 2009-இல் மைக்கிக்கு உதவாது.

பின்வரிசை

உண்மை. இந்த வாரக் கடைசியில் படத்தை மறுபடி பார்க்கப்போகிறேன், இந்த முறை ஸ்டெஃப் வரும் காட்சிகளைக் குறித்துக்கொண்டு. டானும் ஊனாவும் விழாவுக்கு முன்னால் பேசிக்கொள்ளும் இடங்களையும் கவனிக்கிறேன். அங்கே நான் தவறவிட்ட ஏதாவது பார்வையோ சிரிப்போ இருந்தால் இங்கே வந்து எழுதுகிறேன். அதுவரை நான் மைக்கி பக்கம்தான்.